மாற்றம் தோற்றால் மீள்வது எவ்வாறு? கணினிச் சேவைகளில் பின்வாங்கும் திட்டத்தின் அவசியம்

வங்கிக்கோ பிரதேச செயலகத்திற்கோ வைத்தியசாலைக்கோ சென்ற ஒருவர், "சிஸ்டம் வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள்" என்ற பதிலைக் கேட்டு வெறுங்கையுடன் திரும்புவது நம் நாட்டில் புதிய அனுபவமல்ல. இப்பதிலுக்குப் பின்னால் மின்தடை இருக்கலாம். தொலைத்தொடர்பு இணைப்புத் துண்டிக்கப்பட்டிருக்கலாம். எனினும் உலகில் பெரும் கணினிச் சேவைகள் முடங்கிய சந்தர்ப்பங்களை ஆராய்ந்தால், அவற்றுட் பலவற்றிற்கு வேறொரு காரணம் இருப்பதைக் காணலாம். இயந்திரம் தானாகப் பழுதடைந்ததோ எவரேனும் சதி செய்ததோ அல்ல அக்காரணம். சேவையை மேம்படுத்தும் நல்ல நோக்கத்துடன் தொழில்நுட்பவியலாளர் செய்த ஒரு மாற்றம் எதிர்பார்த்தபடி அமையாமற் போனதே அதுவாகும்.

மாற்றம் தோல்வியடைவது பெருங்குற்றமல்ல. மனிதர் செய்யும் எந்தப் பணியிலும் தவறு நேரும். ஆனால் தோல்வி நேரக்கூடும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்காமலும், நேர்ந்தால் எவ்வழியில் மீள்வது என்பதைத் தீர்மானிக்காமலும் மாற்றத்தில் இறங்குவது மன்னிக்க முடியாத கவனயீனமாகும். அரச சேவைகளும் வங்கிச் சேவைகளும் வேகமாகக் கணினிமயமாகி வரும் இன்றைய சூழ்நிலையில் இவ்விடயத்தைப் பொதுமக்களும் விளங்கிக்கொள்வது அவசியமாகும்.

மாற்ற முகாமைத்துவம் என்பது யாது?

கணினிச் சேவையொன்றை நடத்தும் நிறுவனம் அன்றாடம் பல மாற்றங்களைச் செய்கின்றது. மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவுதல், பாதுகாப்புக் குறைபாட்டைச் சீர்செய்தல், தரவுகளைப் பழைய சேவையகத்திலிருந்து புதியதற்கு நகர்த்துதல், வலையமைப்பின் அமைப்பைத் திருத்துதல் என்பன அவற்றுட் சில. இவற்றை ஒழுங்குமுறையுடன் செய்வதற்கான நெறியே மாற்ற முகாமைத்துவம் எனப்படுகின்றது. 1980களின் பிற்பகுதியில் பிரித்தானிய அரசாங்கத்தின் முயற்சியால் தொகுக்கப்பட்டு, இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் ஐ.டி.ஐ.எல். எனும் வழிகாட்டித் தொகுதியில் இதற்கு முக்கிய இடம் வழங்கப்பட்டுள்ளது.

இந்நெறியின்படி மாற்றத்தைச் செய்ய விரும்புபவர் அதன் நோக்கம், பாதிக்கப்படக்கூடிய சேவைகள், ஆபத்தின் அளவு ஆகியவற்றை எழுத்தில் முன்வைத்து அனுமதி பெறவேண்டும். அவ்விண்ணப்பத்தில் இடம்பெறவேண்டிய இன்னொரு பகுதியே பின்வாங்கும் திட்டமாகும். மாற்றம் தோல்வியுற்றால் சேவையைப் பழைய நிலைக்கு, அல்லது குறைந்தபட்சம் மக்கள் பயன்படுத்தக்கூடிய ஒரு நிலைக்குக் கொண்டுவருவது எவ்வாறு என்பதை அது கூறவேண்டும். நடைமுறையில் பெரிதும் அலட்சியம் செய்யப்படுவதும் இப்பகுதியேயாகும். "பிரச்சினை ஏற்பட்டால் பழைய பதிப்பை மீள நிறுவுவோம்" என்ற ஒற்றை வரியுடன் அதனை முடித்துவிடும் வழக்கம் பல நிறுவனங்களில் உண்டு. அந்த ஒற்றை வரி எவ்வளவு ஆபத்தானது என்பதைக் கடந்தகால நிகழ்வுகள் உணர்த்துகின்றன.

பின்வாங்கியதால் விளைந்த பேரிடர்

பிரித்தானியாவின் ரோயல் பேங்க் ஒஃப் ஸ்கொட்லாந்து குழுமத்தில் நாட்வெஸ்ட், அல்ஸ்டர் ஆகிய வங்கிகளும் அடங்கியிருந்தன. ஒவ்வொரு நாள் இரவும் இலட்சக்கணக்கான கணக்குகளின் வரவு செலவுகளைத் தொகுதி தொகுதியாகப் பதிவுசெய்யும் பணியை ஒழுங்குபடுத்தும் மென்பொருளொன்றை அக்குழுமம் பயன்படுத்தி வந்தது. 2012ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, நாட்வெஸ்ட், அல்ஸ்டர் வங்கிகளின் கணக்குகளைக் கையாண்ட அம்மென்பொருளின் புதிய பதிப்பு நிறுவப்பட்டது. மறுநாள் சில முரண்பாடுகள் தென்பட்டன. எனவே புதிய பதிப்பை அகற்றிப் பழையதற்குத் திரும்புவதெனத் தீர்மானிக்கப்பட்டது.

பேரிடர் அத்தீர்மானத்தின் பின்னரே நிகழ்ந்தது. புதிய பதிப்பை அகற்றினால் என்ன விளையும் என்பது முன்கூட்டிப் பரிசோதிக்கப்பட்டிருக்கவில்லை. புதிய பதிப்பும் பழைய பதிப்பும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை என்பதைத் தொழில்நுட்பப் பிரிவினர் உணர்ந்திருக்கவுமில்லை. ஜூன் 19ஆம் திகதி இரவு பழையதற்குத் திரும்பியபோது, இரவுநேரப் பதிவுப் பணிகள் குழம்பிப் போயின. ஓர் இரவின் பணி முடியாமல் அடுத்த இரவின் பணியைத் தொடங்க முடியாது என்பதால் தேக்கம் நாளுக்குநாள் பெருகியது. சம்பளம் கணக்கிற்கு வரவில்லை; கடன் தவணைகள் உரிய நாளில் செலுத்தப்படவில்லை; வெளிநாடு சென்றிருந்தோர் கையிற் பணமின்றித் தவித்தனர். ஐக்கிய இராச்சியத்தில் மட்டும் 65 இலட்சம் வாடிக்கையாளர் பாதிக்கப்பட்டனர். அல்ஸ்டர் வங்கியின் வாடிக்கையாளரது இன்னல் ஜூலை மாதம் வரை நீடித்தது. 2014ஆம் ஆண்டு நவம்பரில் பிரித்தானிய நிதித்துறை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைகள் இரண்டும் இணைந்து அக்குழுமத்திற்கு 56 மில்லியன் ஸ்டேர்லிங் பவுண் அபராதம் விதித்தன.

இதிலிருந்து பெறவேண்டிய முதலாவது பாடம் தெளிவானது. பின்வாங்குதலும் ஒரு மாற்றமே. முன்னோக்கிச் செல்வதைப் பரிசோதிப்பது போலவே பின்னோக்கி வருவதையும் பரிசோதிக்க வேண்டும். ஒத்திகை பார்க்காத பின்வாங்கும் திட்டம் ஏட்டுச் சுரைக்காய் போன்றது, கறிக்கு உதவாது.

நாற்பத்தைந்து நிமிடங்களில் நேர்ந்த இழப்பு

அதே 2012ஆம் ஆண்டு ஓகஸ்ட் 1ஆம் திகதி அமெரிக்கப் பங்குச் சந்தையில் நிகழ்ந்ததும் இவ்விடத்தில் நோக்கத்தக்கது. நைட் கெப்பிட்டல் என்ற பங்கு வணிக நிறுவனம் தனது 8 சேவையகங்களில் புதிய மென்பொருளை நிறுவ முற்பட்டது. அவற்றுள் ஏழில் மட்டுமே அது சரியாக நிறுவப்பட்டது. எட்டாவது விடுபட்டதை எவரும் கவனிக்கவில்லை. பல ஆண்டுகளாகப் பயன்பாட்டிலில்லாத பழைய கட்டளைத் தொகுதியொன்று அதில் அகற்றப்படாமற் கிடந்தது. சந்தை திறந்ததும் அப்பழைய தொகுதி உயிர்பெற்று, பங்குகளை வரையறையின்றி வாங்கவும் விற்கவும் தொடங்கியது.

தவறு எங்குள்ளதென அறியாத பணியாளர்கள் அவசர அவசரமாகப் பின்வாங்க முயன்றனர். சரியாக இயங்கிக்கொண்டிருந்த ஏழு சேவையகங்களிலிருந்தும் புதிய மென்பொருளை அகற்றினர். விளைவு விபரீதமாயிற்று, அந்த ஏழும் எட்டாவதைப் போலவே நடந்துகொண்டன. ஏறத்தாழ 45 நிமிடங்களில் அந்நிறுவனம் 460 மில்லியன் அமெரிக்க டொலருக்கு மேல் இழந்தது. அடுத்த ஆண்டே அது வேறொரு நிறுவனத்துடன் இணைந்து தன் தனித்துவத்தை இழக்க நேரிட்டது. எத்தகைய அறிகுறி தென்பட்டால் எதை நிறுத்துவது, யார் நிறுத்துவது என்ற எழுத்துமூல நடைமுறை கைவசமிருந்திருந்தால், வணிகத்தை முதலில் நிறுத்திவிட்டுக் காரணத்தைப் பின்னர் தேடியிருக்கலாம்.

திரும்ப முடியாத கட்டம் எது?

நல்லதொரு பின்வாங்கும் திட்டம் சில அடிப்படைக் கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். மாற்றம் தோல்வியுற்றது என்பதை எந்த அளவுகோலால் அறிவது? பின்வாங்குவதெனத் தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்குண்டு? அதற்கு எவ்வளவு நேரம் தேவை? எந்நேரத்திற்குப் பின்னர் பின்வாங்குவது சாத்தியமற்றதாகும்? பின்வாங்கிய பின்னர் சேவை சீராக உள்ளதென்பதை எவ்வாறு உறுதிசெய்வது? மக்களுக்கு அறிவிப்பது யார்?

இவற்றுள் நேரம் பற்றிய கேள்வியை ஓர் எளிய உதாரணத்தால் விளக்கலாம். வங்கியொன்று சனிக்கிழமை இரவு 10 மணிக்கு மாற்றத்தைத் தொடங்குகின்றது எனக் கொள்வோம். மறுநாட் காலை 8 மணிக்குச் சேவை மக்களுக்குத் திறக்கப்பட வேண்டும். கையிலிருப்பது பத்து மணித்தியாலங்கள். மாற்றத்தைச் செய்து முடிக்க ஐந்து மணித்தியாலங்கள் போதுமென்பதால் தாராளமாக நேரமிருப்பதாகத் தோன்றும். ஆனால் பழைய நிலைக்குத் திரும்ப மூன்று மணித்தியாலங்களும், திரும்பியபின் சரிபார்க்க ஒரு மணித்தியாலமும் தேவையெனில் அதிகாலை 4 மணியே இறுதித் தீர்மானத்திற்குரிய எல்லையாகும். மாற்றம் 3 மணிக்கு முடிவதாயின், அது வெற்றியா தோல்வியா என்பதை அறிய எஞ்சுவது ஒரேயொரு மணித்தியாலம்தான். "இன்னும் சற்று நேரத்தில் சரிசெய்துவிடலாம்" என்று 6 மணிவரை போராடிக் கொண்டிருப்பவர் பின்வாங்கும் வழியை இரண்டு மணித்தியாலங்களுக்கு முன்னரே அடைத்துவிட்டார் என்பதே உண்மை. களைத்துப்போன பணியாளர் அதிகாலையில் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பாரென எதிர்பார்க்க முடியாது. ஆகவே எல்லை நேரம் பகலிலேயே, தெளிந்த மனநிலையில் எழுதிவைக்கப்பட வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. மாற்றத்திற்கு முன் எடுத்த தரவுப் பிரதியை மீள நிறுவினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். புதிய முறைமை திறக்கப்பட்டு மக்கள் அதிற் கொடுக்கல் வாங்கலில் ஈடுபடத் தொடங்கிவிட்டால் நிலைமை வேறாகும். காலை 8 மணிக்குத் திறந்து நண்பகலில் பழைய பிரதிக்குத் திரும்பினால், இடைப்பட்ட நேரத்தில் மக்கள் வைப்பிலிட்ட பணமும் செலுத்திய கட்டணமும் பதிவேட்டிலிருந்து மறைந்துவிடும். அவற்றைத் தனியே சேகரித்து மீளப் பதிவதற்கான ஏற்பாடில்லையெனில், முதலாவது வாடிக்கையாளரின் முதலாவது கொடுக்கல் வாங்கலே திரும்ப முடியாத கட்டமாகும். அதன்பின்னர் எஞ்சியிருப்பது புதிய முறைமையை அவ்விடத்திலேயே திருத்திக்கொண்டு முன்செல்லும் வழி மட்டுமே. இதற்கும் ஆளணியும் நடைமுறையும் முன்கூட்டியே தயாராக இருக்கவேண்டும்.

ஒரேயடியாகச் செய்ததன் விளைவு

இதற்குத் தக்க சான்று பிரித்தானியாவின் டி.எஸ்.பி. வங்கியாகும். 2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் ஒரு வார இறுதியில், தனது 52 இலட்சம் வாடிக்கையாளரின் தரவுகளை முன்னைய உரிமையாளரான லொயிட்ஸ் வங்கியின் கணினி முறைமையிலிருந்து புதிய முறைமைக்கு அவ்வங்கி பெரும்பாலும் ஒரேயடியாக நகர்த்தியது. தரவுகள் சரியாகவே நகர்ந்தன. ஆனால் புதிய முறைமை மக்களின் பயன்பாட்டைத் தாங்கவில்லை. சுமார் 19 இலட்சம் பேர் தமது கணக்குகளுக்குள் நுழைய முடியாமற் தடுமாறினர். சிலரது திரையில் பிறருடைய கணக்கு விபரங்கள் தோன்றின. வங்கி முழுமையான வழமை நிலைக்குத் திரும்ப அவ்வாண்டு டிசெம்பர் மாதம் வரை சென்றது.

பின்னர் நடைபெற்ற சுயாதீன விசாரணையில், இரண்டு தரவு நிலையங்களில் ஒன்று மட்டுமே பாவனைச் சுமைக்காகப் பரிசோதிக்கப்பட்டிருந்தமை வெளிச்சத்திற்கு வந்தது. பிரதம நிறைவேற்று அதிகாரி பதவி விலகினார். வங்கிக்கு ஏற்பட்ட செலவும் இழப்பும் 330 மில்லியன் பவுண் எனவும் 80,000 வாடிக்கையாளர் வெளியேறினர் எனவும் அறிவிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு டிசெம்பரில் 48.65 மில்லியன் பவுண் அபராதமும் விதிக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு, அவ்வங்கியின் முன்னாள் தலைமைத் தகவல் அதிகாரிக்குத் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண் அபராதம் விதிக்கப்பட்டமை விசேடமாகக் குறிப்பிடத்தக்கது. மாற்றத்தின் தோல்விக்குக் கணினியைக் குறைகூறித் தப்பிக்க முடியாது என்பதையும், அனுமதியளிக்கும் கையொப்பத்திற்குப் பொறுப்பு உண்டு என்பதையும் இத்தீர்ப்பு உணர்த்தியது.

52 இலட்சம் பேரை ஓரிரவில் நகர்த்துவதற்குப் பதிலாகச் சிறு தொகையினரை முதலில் நகர்த்தி, குறைகளைக் கண்டு திருத்தி, பின்னர் ஏனையோரை நகர்த்துவது காலத்தை வேண்டும் வழியாகும். ஆனால் தோல்வி நேர்ந்தாலும் பாதிப்பு சிறு வட்டத்துக்குள் அடங்கிவிடும். எனவே பின்வாங்கும் திட்டத்தின் முதற்படி மாற்றத்தைச் சிறிதாக்குவதே எனலாம்.

மீட்கும் கருவியும் மூழ்கினால்?

2021ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் ஆகியன உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணித்தியாலங்கள் முடங்கியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மத்திய கிழக்கில் தொழில்புரியும் உறவினருடன் வட்ஸ்அப் வழியாகவே உரையாடும் நம் நாட்டுக் குடும்பங்கள் அன்றிரவு தொடர்பின்றித் தவித்தன. வழமையான பராமரிப்பின்போது வழங்கப்பட்ட ஒரு கட்டளை அந்நிறுவனத்தின் முழு வலையமைப்பையும் துண்டித்துவிட்டதே காரணம். அதனைச் சீர்செய்யப் பொறியியலாளர் பயன்படுத்தும் கருவிகளும் அதே வலையமைப்பில் தங்கியிருந்தமையால் அவையும் செயலிழந்தன. ஆட்களைத் தரவு நிலையங்களுக்கு நேரில் அனுப்பியே சேவையை மீட்க வேண்டியதாயிற்று.

2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் வெளியிட்ட தவறான இற்றைப்படுத்தலொன்று சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளைச் செயலிழக்கச் செய்தது. விமான நிலையங்களும் வைத்தியசாலைகளும் ஸ்தம்பித்தன. தவறை உணர்ந்த அந்நிறுவனம் 78 நிமிடங்களில் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் ஏற்கெனவே முடங்கிய கணினிகள் அத்திருத்தத்தைப் பெறும் நிலையில் இருக்கவில்லை. அவற்றிற் பெரும்பாலானவற்றை ஒவ்வொன்றாகக் கையால் மீட்கவேண்டி ஏற்பட்டது. தவறான மாற்றத்தைத் திரும்பப் பெறுவதும் பாதிக்கப்பட்ட சேவையை மீட்பதும் இருவேறு பணிகள் என்பது இதனாற் தெளிவாகின்றது. தீயணைக்கும் வாளியைத் தீப்பற்றக்கூடிய அறைக்குள்ளேயே பூட்டி வைக்கலாகாது. மீட்புக்கான கருவி, கடவுச்சொல், தொலைபேசி இலக்கம், நடைமுறைக் கையேடு ஆகியன மாற்றத்துக்கு உட்படும் முறைமைக்கு வெளியே இருக்கவேண்டும்.

இலங்கைக்குரிய பாடம்

இவ்வனுபவங்களைக் கண்டு மாற்றமே வேண்டாமென ஒதுங்கிவிடவும் முடியாது. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரசாங்கத்தின் முகிற்கணினிக் கட்டமைப்பு, கப்பம் கோரும் தீங்கிழைக்கும் மென்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17ஆம் திகதி முதல் ஓகஸ்ட் 26ஆம் திகதி வரையான மின்னஞ்சற் தரவுகளுக்கு மீட்டெடுக்கக்கூடிய பிரதி இருக்கவில்லை. அங்கு பயன்படுத்தப்பட்டது 2013ஆம் ஆண்டின் மின்னஞ்சல் மென்பொருள் என்பதும், அதனைப் புதுப்பிக்கும் திட்டம் நிதிப் பற்றாக்குறை முதலிய காரணங்களால் தாமதமடைந்திருந்தது என்பதும் அப்போது வெளியான தகவல்களாகும்.

இந்நிகழ்வு தோல்வியுற்ற மாற்றமன்று. செய்யப்படாத மாற்றத்தின் விளைவு. எனினும் இரண்டுக்கும் பொதுவான வேர் ஒன்றுண்டு. மீளும் வழி உறுதியாக இருக்கும் நிறுவனமே துணிந்து மாற்றத்தைச் செய்யும். அவ்வழி இல்லாத இடத்தில் "ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாதே" என்ற அச்சமே ஆட்சிசெய்யும். அச்சத்தால் பழைய முறைமைகள் புதுப்பிக்கப்படாமற் கிடந்து ஒருநாள் தாக்குதலுக்கு இரையாகும். இந்த வகையில் பின்வாங்கும் திட்டம் முன்னேற்றத்திற்குத் தடையன்று, அதற்கான முன்நிபந்தனையாகும்.

இன்று அஸ்வெசும கொடுப்பனவு பயனாளிகளின் வங்கிக் கணக்குகளுக்கே செல்கின்றது. ஓய்வூதியம், ஆசிரியர் சம்பளம், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணம் ஆகியனவும் அவ்வாறே. கையிருப்பு உள்ளவருக்கு இரண்டு நாள் தாமதம் ஓர் அசௌகரியம் மட்டுமே. அன்றாடம் உழைத்து உண்பவருக்கோ அது அடுப்பெரியாத இரண்டு நாட்களாகும். தொலைவிலுள்ள கிராமத்திலிருந்து பேருந்துக்குக் காசு செலவழித்து நகர வங்கிக்கு வந்தவர் திரும்பிச் செல்லும் செலவை எவரும் கணக்கிற் சேர்ப்பதில்லை. கணினி முறைமையின் தோல்வி எல்லோரையும் தாக்கினாலும் அதன் பாரம் எல்லோர் தோளிலும் சமமாக இறங்குவதில்லை.

ஆகவே அரச திணைக்களங்களும் நிதி நிறுவனங்களும் சில நடைமுறைகளை உறுதியாகக் கடைப்பிடிக்க வேண்டும். பின்வாங்கும் திட்டம் ஒத்திகை பார்க்கப்பட்டதற்கான சான்றில்லாத எந்தப் பாரிய மாற்றத்திற்கும் அனுமதி வழங்கலாகாது. சம்பள நாட்களிலும், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, நத்தார், நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் ஆகியவற்றை அண்மித்த நாட்களிலும் அத்தியாவசியமற்ற மாற்றங்கள் தவிர்க்கப்பட வேண்டும். கணினி இயங்காத வேளையில் கையெழுத்துப் பதிவேட்டின் மூலம் எந்தச் சேவையை எவ்வளவு நேரம் வழங்கலாம் என்பது ஒவ்வொரு கிளைக்கும் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். சேவை தடைப்படும் என்ற முன்னறிவிப்பும், தடைப்பட்ட பின்னரான விளக்கமும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் ஒரே நேரத்தில் மக்களைச் சென்றடைய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பின்வாங்குவதெனத் தீர்மானித்த பணியாளரைத் தண்டிக்கும் மனப்பான்மை மாறவேண்டும். நள்ளிரவில் "இது சரிவராது, திரும்புவோம்" என்று கூறும் இளம் உத்தியோகத்தரைத் திறமையற்றவராகக் கருதும் நிறுவனத்தில், அடுத்தமுறை எவரும் அவ்வாறு கூறத் துணியமாட்டார். உரிய நேரத்தில் பின்வாங்கிய மாற்றத்தால் மக்களுக்கு எந்த இழப்பும் இல்லை. அடுத்த வாரம் குறையைத் திருத்தி மீண்டும் முயலலாம். கரை தெரியும் தூரத்திலேயே படகைத் திருப்பிய ஓட்டியைக் கோழையென எவரும் சொல்வதில்லை. நம் மக்களின் பணத்தையும் பதிவுகளையும் சுமந்து செல்லும் முறைமைகளை நடத்துவோரும் அந்த நிதானத்தைக் கைக்கொள்ள வேண்டும். அதற்கான ஏற்பாடுகளை உரிய தரப்பினர் அடுத்த தோல்விக்கு முன்னரே செய்துவைப்பது அவர்களது கடமையாகும்.